முகூர்த்த நாளில் மலைக்குப் போனோம்

கடலூர்க்காரர்கள் மலை என்று சொல்வதை சேலத்துக்காரர்கள் யாராவது பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். திருவந்திபுரத்து மலை அப்படிப்பட்ட மலை. கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதசுவாமி கோயில். அதற்கு எதிரே படிக்கட்டு. ஏறத் தொடங்கி, மூச்சு வாங்குகிறதே என்று நினைப்பதற்குள் உச்சி வந்துவிடும். உச்சியில் ஹயக்ரீவர் சந்நிதி. பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் பேனாவும் கையுமாக வருவார்கள். இருந்தாலும் எங்களுக்கு அது மலைதான். ஒரு பக்கம் வயலும் ஒரு பக்கம் கடலுமாகத் தட்டையாகக் கிடக்கிற ஊரில், கொஞ்சம் எழும்பி நிற்கிற எதற்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் வந்துவிடும்.

கதை சொல்ல என் வீட்டுக்காரரை விட்டால் ஆள் கிடையாது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவருக்கு வேலை. ஊர்ப் பழங்கதை எது கிடைத்தாலும் விடமாட்டார். எனக்குத் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இவர் கெடிலக்கரைக் கோட்டையைப் பற்றி ஆரம்பிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் அதையும் ஒரு சரித்திரக் குறிப்புபோல அமைதியாகக் கேட்டுக்கொள்வார்.

2008இல் நாங்கள் அந்த மலைக்குப் போனது என் அக்காவுக்காக.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருந்தாள். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். குழந்தை இல்லை. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கம்போல மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார். சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க, கடல் மறுபடியும் வருகிறது என்று புரளி கிளம்பும்போதெல்லாம் ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேற்கே கேப்பர் மலைப் பக்கம் ஓடினார்கள். அக்கா மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தாலி கட்டும் நேரத்தில் எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போய்விடுவாள். யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. சொல்லாமலே போய்விடுகிறாளே என்று எல்லோருக்கும் நிம்மதி. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சும்போது அவளைத் தேடினால், பின்பக்கம் குழாயடியில் நின்று ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். வந்திருந்தவர்கள் முன்னால் கத்தாதேடி என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுசாக ஆறவில்லை.

ஆகவே வரன் பார்த்தேன். ஒன்று வரும், அக்கா வேண்டாம் என்பாள். இன்னொன்று வரும், அதே பதில். ஏன் என்று ஒருமுறை உலுக்கிக் கேட்டபோது சொன்னாள்:

"நீங்கள்லாம் எனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் பாக்கல. என்னை நாலு பேரு முன்னாடி நிக்க வைக்கப் பாக்கறீங்க. அதுக்கு ஒரு ஆம்பள வேணுமா?"

கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவரைப் பற்றி என் வீட்டுக்காரரின் நண்பர் சொன்னார். மனைவி தவறிப்போய் ஐந்தாறு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை, அவருடைய அக்கா கூடவே இருக்கிறார், தங்கமான மனுஷன். என் அக்காவிடம் சொன்னேன். போட்டோவைப் பார்க்கமாட்டேன் என்றாள். வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, தெருவே எட்டிப் பார்க்கும் என்றாள். கடைசியில் ஒருவழியாக இறங்கி வந்தாள்.

"மலைக்கு வரேன். சாமி கும்புட வரேன். அவுங்களும் வந்தா வரட்டும். எனக்குப் புடிக்கலன்னா இதோட வுட்டுடணும். அப்புறம் என் ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

சரி என்று சத்தியம் செய்தேன். கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதில்லை. பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்ட கணக்கு. யாருக்கும் மானக்கேடு கிடையாது. நாள் பார்க்கும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டேன். ஆவணி மாதத்தில், எல்லோருக்கும் லீவு இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அன்று காலை கடலூர் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். அக்கா கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நெற்றியில் நான் வற்புறுத்தி வைத்த சின்னப் பொட்டு. திருப்பாப்புலியூர் தாண்டியதும் என் வீட்டுக்காரர் ஆட்டோவை இடதுபக்கம் திருப்பச் சொன்னார்.

"நேரம் இருக்கு அண்ணி. கேப்பர் மலையை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடலாம். ரெண்டும் ஒரே மலைதான். இதோட வால்தான் அங்க ஆத்தோரமா நீட்டிக்கிட்டு இருக்கு."

சிவப்பு மண், முந்திரித் தோப்பு, தூரத்தில் ஜெயில் சுவர். ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி காற்றுக்காக இங்கே வீடு கட்டிக்கொண்டாராம். அவர் பெயரே மலைக்குத் தங்கிவிட்டதாம். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்த மேட்டுக்காக பீரங்கியோடு அடித்துக்கொண்டார்களாம். மேட்டைப் பிடித்தவன் கையில்தான் ஊராம். அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கிழக்கே பார்த்தபடி நின்றாள். அங்கிருந்து பனைமரங்களுக்கு அப்பால் ஒரு கோடாகத்தான் கடல் தெரியும்.

"இங்கதான எல்லாரும் ஓடி வந்தாங்க?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"நல்ல எடம்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

திருவந்திபுரம் நெருங்க நெருங்க ஆட்டோ ஊர்ந்தது. வேன், மினி பஸ், டிராக்டர், வாழை மரம் கட்டிய கார். முதலில் எனக்குப் புரியவில்லை. மேளச் சத்தம் கேட்டதும் புரிந்துவிட்டது. இந்த மலையில் கல்யாணம் நடத்துவதாக வேண்டிக்கொள்கிறவர்கள் கடலூர் முதல் பண்ருட்டி, விழுப்புரம் வரை ஏராளம். முகூர்த்த நாளில் மலை மேல் வரிசையாக மணவறை போட்டு, ஒன்று முடிவதற்குள் அடுத்தது உட்கார்ந்துவிடும். அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்குகிற தினசரிக் காலண்டரில் அது கொட்டை எழுத்தில் இருக்கும். இருநூறு வருடத்துக்கு முந்தைய சண்டை எந்த மாதத்தில் நடந்தது என்று சொல்லக்கூடிய மனிதர், காலண்டரில் லீவு நாளை மட்டும் பார்த்திருக்கிறார்.

உலகத்திலேயே கல்யாணத்தைப் பார்க்கக் கூசுகிற ஒருத்தியை, உலகத்துக் கல்யாணமெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிற இடத்துக்குக் கூட்டிவந்திருக்கிறோம். நடுத்தெருவில் நின்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, "கூட்டம் ஜாஸ்தியா இருந்தா நம்மள யாரு கவனிக்கப் போறாங்க?" என்றார். அக்கா திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வந்தது வந்துட்டோம். சாமி கும்புட்டுப் போலாம் வா" என்றாள்.

கீழே தேவநாதரைப் பார்த்தோம். அக்கா கொண்டுவந்திருந்த உப்பையும் மிளகையும் வெல்லத்தையும் வேண்டுதலுக்காகக் கோயில் கிணற்றில் சேர்த்தாள். பிறகு மலைப் படி. படியிலேயே இரண்டு மாப்பிள்ளைகள் எதிரெதிரே வந்து வழி கிடைக்காமல் நின்றார்கள். மேளக்காரர்களும் நின்றார்கள், ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை. அந்த நெரிசலிலும் என் வீட்டுக்காரர் விடவில்லை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது விழுந்த துண்டுதான் இது, அதனால்தான் ஔஷதகிரி என்று பெயர் என்றார். தமிழ்நாட்டில் பாதிக் குன்றுகளுக்கு இதே கதை சொல்கிறார்கள், கடைசியில் அனுமார் கையில் என்னதான் மிஞ்சியது என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டாள். அன்று காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

மலையில் கல்யாணம் செய்கிற வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. தேங்காய்க் கடைக்காரரைக் கேட்டார். எங்க தாத்தா காலத்திலிருந்தே உண்டு என்றார். செருப்புக்குக் காவல் இருந்தவரைக் கேட்டார். சாமி ஆரம்பிச்சது என்றார். கல்வெட்டில் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று புலம்பிக்கொண்டே ஏறினார்.

உச்சியில் நிற்க இடமில்லை. என் வீட்டுக்காரர் கிள்ளைக்காரருக்குச் செல்போன் போட்டார்.

"நாங்க மலை மேல இருக்கோம். நீங்க எங்க இருக்கீங்க?"

அந்தப் பக்கத்துப் பதிலும் மலை மேல்தான். அடையாளம் கேட்டார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சுற்றிலும் இருந்த அத்தனை ஆண்களும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதற்கு மேல் தவில் ஒன்றும் கேட்க விடவில்லை. பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை நம்பி ஒருவரிடம் போய், "நீங்க கிள்ளைதானே?" என்றார். "நான் பண்ருட்டி, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. சாப்ட்டிங்களா?" என்று அவர் இவர் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நானும் அக்காவும் ஒரு மணவறைக்குப் பக்கத்தில், தூணோரம் ஒதுங்கி நின்றோம்.

அங்கேதான் அது நடந்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார். ஆரத்தி எடுத்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பெண்கள் தட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு பெண் தயாராக நிற்கிறாள், இன்னொருத்தி இல்லை. பெண் வீட்டு வேன் கீழே நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஜோடி இவர்கள் எப்போது எழுந்திருப்பார்கள் என்று மாலையோடு காத்திருக்கிறது. மணப்பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு சுற்றுமுற்றும் பார்த்தார். ஒல்லியான, வேகமான அம்மாள். நேரே வந்து என் அக்காவின் கையில் தட்டைத் திணித்தார்.

"கொஞ்சம் புடிம்மா. நம்ம ஜனம் இன்னும் மேல வரல."

அக்கா நெருப்பைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் தளும்பியது.

"நான் எடுக்கக் கூடாதும்மா. எங்க வீட்டுக்காரரு இல்ல."

அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "குடுங்க, நான் எடுக்கறேன்" என்று கையை நீட்டினேன். அந்த அம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"எனக்குந்தான் இல்ல" என்றார். "இன்னா இப்ப? என் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த ஆரத்தியைக் கரைச்சதே நான்தான். என் பொண்ணுக்கு நான் நல்லது நெனைக்க மாட்டனா? நீ நெனைக்க மாட்டியா? புடிங்க சீக்கிரம், நேரம் போவுது."

அதில் உபதேசம் ஒன்றும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கா தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். எதிரே நின்ற பெண் மறுபக்கத்தைப் பிடித்தாள். மூன்று சுற்று. மாப்பிள்ளைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வேர்த்து வழிய நின்றான். அக்கா அவன் நெற்றியில் சிவப்பைத் தொட்டு வைத்தாள். பிறகு யாரோ அவள் கையில் அட்சதை கொடுத்தார்கள். தாலி கட்டும்போது அவள் முன்வரிசையில், எல்லோரோடும் சேர்ந்து தூவினாள். நான்தான் ஒன்றும் செய்யத் தோன்றாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

அந்த அம்மாள் அக்காவின் கையில் ஒரு தாம்பூலப் பையைக் கொடுத்து, "சாப்புட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிட்டார். எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு என் வீட்டுக்காரர் கிள்ளைக்காரரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். சந்நிதிக்குப் பின்னால், மர நிழலில் சந்தித்தோம். அவர் சட்டையில் யாரோ பூசிய சந்தனம். கையில் இன்னொரு கல்யாணத்துத் தாம்பூலப் பை. அவரையும் ஒரு கல்யாண வீட்டார் மாப்பிள்ளைத் தோழன் பக்கத்தில் நிற்கவைத்து, சாட்சிக்குப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்களாம். நீங்கள் மனைவியை இழந்தவரா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். அந்த நினைப்பில் எனக்குப் பழைய கோபம் கிளம்பியது. ஆனால் மனுஷன் முகத்தைப் பார்த்தால் கோபிக்க முடியவில்லை. அக்காவின் பையையும் தன் பையையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேருமே யாரு கல்யாணத்துக்கோ வந்துட்டோம் போல" என்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வரன் என்று வந்த ஒருவரை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கூட யாரும் வரலையா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா வந்துருக்காங்க. அதோ."

கொஞ்சம் தள்ளி, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் அம்மாள் நின்றிருந்தார். வெளுத்த நிறத்தில் புடவை, வெறும் நெற்றி. நாங்கள் இருந்த பக்கம் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கிள்ளைக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டு நேரே அங்கே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன் இங்க நிக்கறீங்க? வாங்க."

"இல்லம்மா. நீங்க பேசுங்க. நல்ல காரியம் பேசும்போது நான் எதுக்கு? எனக்கு இருவது வயசுலயே போயிட்டாரு. தள்ளி நின்னே பழகிப்போச்சு."

அக்காவின் அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்; கரும்பலகையில் ஒரு கணக்கு தப்பாகப் போட்டிருந்தால் வருகிற முகம். கையிலிருந்த தாம்பூலப் பையை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவர் கையைப் பிடித்து நிழலுக்கு அழைத்துவந்தாள். கிள்ளைக்காரரிடம் சொன்னாள்:

"எனக்கு யோசிக்கக் கொஞ்சம் டைம் வேணும். வீட்டுக்கு வாங்க, காப்பி சாப்புடலாம். தெரு பாத்தா பாக்கட்டும். அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க, அவுங்க வரலன்னா நீங்களும் வர வேணாம்."

வழியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. சத்தியம் செய்திருந்தேன் அல்லவா. ஆட்டோவில் அவளே சொன்னாள்: "நாலு பேரு முன்னாடி நின்னுட்டேன்டி. அது முடிஞ்சுபோச்சு. இனிமே அந்த மனுஷனை மனுஷனா பாக்கலாம்."

அவர்கள் வந்தார்கள், பல தடவை வந்தார்கள். இவளும் ஒருமுறை கிள்ளைக்குப் போய், உரக்கடையின் வரவு செலவைப் பார்த்துத் திட்டிவிட்டு வந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் எனக்குப் போன் செய்து, சரி என்றாள். கல்யாணம் எங்கே என்று நான் கேட்கவே இல்லை. இந்தத் தடவை காலண்டரை நானே பார்த்தேன். தை மாதம், நல்ல முகூர்த்தம், கூட்டம் அலைமோதும் என்று தெரிந்தே குறித்தேன்.

அன்று மலை மேல் அதே நெரிசல், ஒன்றோடொன்று மோதுகிற அதே மேளங்கள். இருபது பேர்தான் எங்கள் கூட்டம். தாலி கட்டி முடிந்தது. இருவரும் மாலையோடு நின்றார்கள். நான் ஆரத்தித் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மறுபக்கம் பிடிக்க என் வீட்டுக்காரரின் தங்கை முன்னால் வந்தாள். அக்கா அவளை நிற்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் தேடினாள். கிள்ளைக்காரரின் அக்கா, கண்டிப்பாகப் புதுப் புடவைதான் கட்ட வேண்டும் என்று சொல்லி என் அக்கா எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் புடவையோடு, பழக்கம் போகாமல் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"வாங்க" என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். பின்னால் அடுத்த ஜோடி மாலையோடு நின்றது. அவர்களுடைய மேளக்காரர் தவிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர், மலையின் சரித்திரத்தை எல்லாம் மறந்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அக்கா மாலையோடு இறங்கிப் போனாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து தட்டின் மறுபக்கத்தில் வைத்தாள்.

"புடிங்க சீக்கிரம்" என்றாள். "நேரம் போவுது."